கடவுள் எப்படிப் படைத்தார் என்று போய்ப் பார்த்தவர்கள்



ஞாயிறு திருப்பலியில் விசுவாச அறிக்கையைச் சொல்லத் தொடங்கும்போதே, விண்ணையும் மண்ணையும் படைத்தவர் கடவுள் என்று சொல்லிவிடுகிறோம். சொன்ன கையோடு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் நவீன அறிவியல் பிறந்த கதையில் அந்த வரிக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், "ஃபாதர், அறிவியலுக்கும் திருஅவைக்கும் ஆகவே ஆகாதாமே, கலிலேயோவை என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. கேட்காமலேயே ஒரு முடிவுக்கு வந்து, பூசைக்கு வருவதை மெல்ல நிறுத்திக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் கவலை. இன்னொரு பக்கம், அறிவியல் முழுவதையும் கிறிஸ்தவர்கள்தாம் உலகத்துக்குக் கொடுத்தார்கள் என்று மார்தட்டும் செய்திகள் நம்மவர்களின் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதுவும் இதைப் போலவே அரைகுறையானது.

ஆகவே முதலில் கடனைச் சொல்லிவிடுவோம். வடிவக் கணிதம் கிரேக்கர்களுடையது. ஐரோப்பியர் இன்று கூட்டிக் கழிக்கும் எண்கள் இந்தியாவில் பிறந்து, அரபு நாடுகளின் வழியாக அங்கே போனவை. ஒளியைப் பற்றி இபனுல் ஹைதம் எழுதியதைப் படித்துத்தான் ஐரோப்பியத் துறவிகள் ஒளியியல் கற்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கிறிஸ்தவரும் யூதரும் இஸ்லாமியரும் அரபு நூல்களை இலத்தீனுக்குக் கொண்டுவந்திராவிட்டால், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த நூல்களே இருந்திருக்காது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு, கிறிஸ்தவச் சிந்தனை சேர்த்தது என்ன என்று கேட்பதுதான் நேர்மை.

அப்படி வந்த நூல்களில் பெரியவை அரிஸ்டாட்டிலுடையவை. அவரைக் குறைத்துப் பேசக் கூடாது. மீனையும் தேனீயையும் கோழிக்குஞ்சு முட்டைக்குள் வளர்வதையும் அவரைப்போல் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் வானத்தையும் இயக்கத்தையும் பற்றிப் பேசும்போது அவருடைய போக்கு வேறு. உலகத்துக்குத் தொடக்கம் இல்லை, அது எப்போதும் இருந்தது, இப்போது இருப்பதுபோல்தான் இருக்க முடியும் என்றார். உலகம் ஒன்றுதான் இருக்க முடியும், வெற்றிடம் இருக்கவே முடியாது என்றார். 'இருக்க முடியும்', 'இருக்க முடியாது' என்னும் சொற்களைக் கவனியுங்கள். உலகம் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றால், அது எப்படி இருக்கிறது என்பதை அறையில் அமர்ந்து யோசித்தே சொல்லிவிடலாம்.

கிறிஸ்தவ விசுவாசம் வேறொன்றைச் சொல்லியது. கடவுள் ஒன்றுமில்லாமையிலிருந்து, தம் விருப்பத்தால், யாருடைய கட்டாயமும் இன்றி உலகத்தைப் படைத்தார். படைக்காமலும் இருந்திருக்கலாம், வேறு மாதிரியும் படைத்திருக்கலாம். நம் வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளில் கணக்கு உண்டு, கோடுகளில் ஒழுங்கு உண்டு. ஆனால் இன்று காலை எந்தக் கோலம் என்பது போடுகிறவரின் விருப்பம். கணக்கு மட்டும் தெரிந்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கடவுள் எல்லாவற்றையும் அளவோடும் எண்ணிக்கையோடும் எடையோடும் அமைத்தார் என்ற கருத்து சாலமோனின் ஞானம் நூலில் 11ஆம் அதிகாரத்தில் வருகிறது. இடைக்கால ஆசிரியர்கள் இதைச் சலிக்காமல் எடுத்துச் சொல்வார்கள். படைப்பில் ஒழுங்கு உண்டு, ஆகவே தேடலாம். படைத்தவர் சுதந்திரமானவர், ஆகவே போய்ப் பார்க்க வேண்டும். இவை இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் நம் கதை தொடங்குகிறது.

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 1210-இல் அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களுக்குத் தடை போட்டார்கள். 1255-இல் அதே நூல்களைக் கட்டாயப் பாடமாக வைத்துவிட்டார்கள்! திருஅவை வரலாற்றில் இப்படி நடப்பது புதிதல்ல. இறையியல் படிக்க வருகிறவர், அதற்கு முன் கலைத்துறையில் தர்க்கமும் கணிதமும் இயற்கைத் தத்துவமும் கற்றுத் தேற வேண்டும் என்பது பொதுவான வழக்கமாயிற்று. நாம் குருமடத்தில் முதலில் தத்துவமும் பிறகு இறையியலும் படித்ததன் வேர் அங்கேதான் இருக்கிறது.

1277 மார்ச் 7 அன்று பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டித்து ஆணை வெளியிட்டார். கடவுளால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. கடவுளால் வானத்தை நேர்கோட்டில் நகர்த்த முடியாது, நகர்த்தினால் வெற்றிடம் உண்டாகிவிடும் என்பது இன்னொன்று. இப்படிச் சொல்லிக் கடவுளின் கையைக் கட்டாதீர்கள் என்பதே ஆயரின் கோபம். அறிவியலை வளர்க்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் கிடையாது. ஆணை அவசரமாகவும் முரட்டுத்தனமாகவும் அமைந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் இறந்திருந்த புனித தாமஸ் அக்குவினாசின் சில கருத்துகளையும் அது தொட்டது. அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பிறகு, 1325-இல், அவரைத் தொடும் அளவுக்கு அந்தக் கண்டனத்தைப் பாரிஸ் ஆயர் ஒருவரே நீக்க வேண்டியதாயிற்று.

ஆனாலும் அந்த முரட்டு ஆணையால் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. அரிஸ்டாட்டில் முடியாது என்று சொன்னதைக் கடவுளால் முடியும் என்றால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். வெற்றிடத்தில் ஒரு கல் எப்படி விழும்? இன்னோர் உலகம் இருந்தால் அங்கே மண் எந்தப் பக்கம் விழும்? பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் துஹேம், நல்ல கத்தோலிக்கர், இந்த ஆணைதான் நவீன அறிவியலின் பிறந்தநாள் என்று எழுதினார். அது மிகை என்றே இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். நாமும் அவர்கள் பக்கம்தான். ஓர் ஆணையால் அறிவியல் பிறப்பதில்லை. ஒரு கதவு சற்றே திறந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கதவின் வழியாக நுழைந்தவர்களில் நமக்கு மிகவும் பிடித்தவர் ழான் புரிடான். 14ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஆசிரியராகவும், இருமுறை பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்த குரு. எறிந்த கல் கையை விட்ட பிறகும் ஏன் போகிறது? காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருந்தார். புரிடான் பம்பரத்தைப் பார்க்கச் சொன்னார். பம்பரமும் கொல்லரின் சாணைக்கல்லும் இருந்த இடத்திலேயே சுற்றுகின்றன, எந்தக் காற்று எங்கிருந்து தள்ளுகிறது? ஆற்றின் எதிரோட்டத்தில் இழுத்த படகை விட்டுவிட்டாலும் அது சற்றுத் தூரம் போகிறது. அதன் தளத்தில் நிற்பவன் முதுகில் காற்றை உணர்வதில்லை, முகத்தில்தான் உணர்கிறான். ஆகவே எறிபவர் எறியும் பொருளுக்குள் ஓர் உந்துதலைக் கொடுக்கிறார், எதிர்ப்பு அதைத் தேய்க்கும்வரை அது நிலைக்கிறது என்றார். இதற்கு நெருங்கிய கருத்தை 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் யோவான் பிலோப்போனசும், பிறகு இபன் சினாவும் சொல்லியிருந்தார்கள்.

புரிடான் அதோடு நிற்கவில்லை. கண்களை வானத்துக்கு உயர்த்தினார். வானகோளங்களை அறிவுள்ள ஆவிகள் ஓயாமல் சுழற்றுகின்றன என்பது அன்றைய பாடம். அப்படி விவிலியத்தில் எங்கும் இல்லையே என்றார் அவர். கடவுள் படைக்கும்போதே ஒவ்வொரு கோளத்துக்கும் உந்துதலைக் கொடுத்திருக்கலாம். அங்கே எதிர்ப்பு இல்லாததால் அது தேயாமல் ஓடுகிறது. ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்தார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தார். படைப்புகளுக்கு அவற்றின் வேலையை ஒப்படைத்துவிட்டார் அல்லவா! இதை உறுதியாகச் சொல்லவில்லை, இறையியலாளர்கள் எனக்கு விளக்கட்டும் என்று பணிவாக ஒரு வரியும் சேர்த்தார்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். மண்ணில் சுற்றும் பம்பரத்துக்கும் விண்ணில் சுற்றும் கோளுக்கும் ஒரே விளக்கம். விண்ணும் மண்ணும் ஒருவரே படைத்தவை என்று விசுவசிக்கிறவருக்கு, விண் தெய்வீகமானது, மண் தாழ்ந்தது என்ற பிரிவு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. புரிடான் சொன்ன உந்துதல் நியூட்டனின் விதி அல்ல, இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. நியூட்டனுக்கு இன்னும் 300 ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டும்.

புரிடானுக்குப் பின் வந்த நிக்கோல் ஒரேம் பூமி தினமும் சுழல்கிறதா என்று 1377-இல் முடித்த நூலில் ஆராய்ந்தார். படகில் இருப்பவனுக்குக் கரை நகர்வதுபோல் தெரியும். அதுபோல், சுழல்வது வானமா பூமியா என்று பார்வையால் முடிவு செய்ய முடியாது என்றார். நம் நாட்டு ஆரியபட்டர் 499-இல் இதே படகு உவமையைச் சொல்லியிருந்தார் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. இறுதியில் ஒரேம் திருப்பாடல் ஒன்றைக் காட்டிப் பூமி அசைவதில்லை என்றே முடித்தார். ஆனால் அதற்குமுன் எதிர்வாதங்கள் அனைத்தையும் முழு வலிமையோடு அடுக்கிவிட்டார். அந்த ஆண்டே அவர் லிசியோ மறைமாவட்ட ஆயரானார். குழந்தை தெரேசாவின் ஊர் என்று நமக்குத் தெரிந்த அதே லிசியோதான்.

1543-இல் பூமியைச் சூரியனைச் சுற்ற வைத்த கோப்பர்நிக்கஸ் ஒரு பேராலயத்தின் திருச்சட்ட அலுவலர் குழுவில் இருந்தவர். நூலைத் திருத்தந்தை மூன்றாம் பவுலுக்குக் காணிக்கையாக்கினார். இவரைப் பற்றி நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்.

நாம் சற்று நின்று பார்க்க வேண்டியவர் யோகான்னஸ் கெப்ளர். இவர் நம்மவர் அல்லர், லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ட்யூபிங்கனில் இறையியல் படித்துப் போதகராக ஆசைப்பட்டவரைக் கிராஸ் நகருக்குக் கணித ஆசிரியராக அனுப்பிவிட்டார்கள். முதலில் வருந்தினார். பிறகு 1595-இல் தம் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில், வானியல் வழியாகவும் கடவுள் மகிமைப்படுவதைக் கண்டதாகச் சொல்லி ஆறுதல் அடைந்தார். 1600-இல் அவரைக் கிராசிலிருந்து வெளியேற்றியது கத்தோலிக்க அரசு. 1612-இல் லின்ஸ் நகரில் அவருக்கு நற்கருணையை மறுத்தது அவருடைய சொந்தச் சபை. இரு பக்கமும் அடி வாங்கியும் அவர் விசுவாசத்தை விடவில்லை.

தொடக்கத்தில் கெப்ளரும், கடவுள் இப்படித்தான் படைத்திருப்பார் என்று முடிவு கட்டியவர்தான். ஐந்து சீரான திண்ம வடிவங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அவற்றின் இடையே கோள்களைப் பொருத்தினார். அழகான கற்பனை. கடவுள் அப்படிப் படைக்கவில்லை. பிறகு செவ்வாய்க் கோளின் பாதையைக் கணக்கிட அமர்ந்தார். அவர் கையில் இருந்தவை டைக்கோ பிராஹே தொலைநோக்கி இல்லாமலே பல ஆண்டுகள் எடுத்த அளவுகள். பாதையை வட்டம் என்று வைத்துக் கணக்கிட்டார். ஏறக்குறையப் பொருந்தியது. ஓர் இடத்தில் மட்டும் 8 கலை வேறுபாடு. ஒரு பாகையை 60-ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறையக் கால் பங்குதான் 8 கலை. வேறு யாராயிருந்தாலும் விட்டுவிட்டிருப்பார்கள். கெப்ளர் விடவில்லை. டைக்கோவைப் போன்ற கவனமான பார்வையாளரைத் தந்தது கடவுளின் தயவு, அந்தக் கொடையை நன்றியோடு ஏற்றுப் பயன்படுத்துவது நம் கடமை என்று எழுதினார். அதுவரை கட்டிய கணக்கைத் தள்ளிவிட்டு மறுபடியும் தொடங்கினார். வட்டம் போய் நீள்வட்டம் வந்தது. 1609-இல் அச்சான 'புதிய வானியல்' அதன் விளைவு. இரண்டாயிரம் ஆண்டுகளாக வானம் வட்டத்தில்தான் இயங்க வேண்டும் என்றிருந்த எண்ணம் அந்த 8 கலையில் உடைந்தது.

இனி கலிலேயோ. தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

1616-இல் ரோமையில் கோப்பர்நிக்கசின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. 1632-இல் கலிலேயோ தம் 'உரையாடல்' நூலை வெளியிட்டார். 1633 ஜூன் 22 அன்று, ஏறக்குறைய 70 வயதில், முழந்தாளில் நின்று தம் கருத்தை மறுதலிக்க வைக்கப்பட்டார். 1642-இல் இறக்கும்வரை வீட்டுக்காவல். அவரிடம் அப்போது முடிவான சான்று இல்லை என்பது உண்மை. கடல் அலையேற்றத்தை வைத்து அவர் காட்டிய சான்று தவறு என்பதும் உண்மை. இவற்றைச் சொல்லித் தீர்ப்பை நியாயப்படுத்துகிறவர்களோடு நாம் உடன்படவில்லை. சான்று போதாது என்றால் இன்னும் தேடு என்று சொல்ல வேண்டுமே தவிர, வாயை மூடச் சொல்லக் கூடாது.

இதில் நம்மை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. கலிலேயோவின் முன்னாள் நண்பரான திருத்தந்தை எட்டாம் உர்பான், கடவுள் எல்லாம் வல்லவர், இதே தோற்றத்தை அவர் வேறு எத்தனையோ வழிகளில் உண்டாக்கியிருக்கலாம், ஆகவே இதுதான் வழி என்று நீ அறுதியிடாதே என்று வாதிட்டார். கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? 1277-இல் கதவைத் திறந்த அதே கருத்துதான். புரிடான் காலத்தில், கடவுள் வேறு மாதிரியும் படைத்திருக்கலாம், ஆகவே போய்ப் பார்ப்போம் என்றார்கள். இங்கே, வேறு மாதிரியும் படைத்திருக்கலாம், ஆகவே பார்த்தது போதும் என்றார்கள். கலிலேயோ அந்த வாதத்தைத் தம் நூலின் கடைசியில், அறிவு மட்டாகப் பேசும் பாத்திரத்தின் வாயில் வைத்துவிட்டார். திருத்தந்தைக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

இயற்கையைப் பற்றி நன்கு தெரிந்த பிற சமயத்தார் முன்னால், கிறிஸ்தவன் ஒருவன் விவிலியத்தைக் காட்டி அபத்தமாகப் பேசினால் அது நம் விசுவாசத்துக்கே அவமானம் என்று புனித அகுஸ்தினார் 5ஆம் நூற்றாண்டிலேயே, தொடக்கநூல் விளக்கத்தில் எச்சரித்திருந்தார். கலிலேயோ 1615-இல் எழுதிய நீண்ட கடிதத்தில் அகுஸ்தினாரைத்தான் துணைக்கு அழைத்தார். அவரைக் கண்டித்தவர்களும் அகுஸ்தினாரைப் படித்தவர்களே. 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அன்றைய இறையியலாளர்கள் தவறினார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். 359 ஆண்டுகள்!

கதை 1633-இல் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. உயிர்ப்புப் பெருவிழா வசந்தகாலச் சமஇரவு நாளையும் முழுநிலவையும் வைத்துக் கணிக்கப்படுவது உங்களுக்குத் தெரியும். பழைய நாள்காட்டி ஆண்டுக்கு 11 நிமிடங்கள் அதிகமாக எண்ணியதால், 16ஆம் நூற்றாண்டில் 10 நாள் பிசகியிருந்தது. திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582-இல் அதைத் திருத்தினார். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. அவிலா புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அதனால்தான் அவருடைய திருநாளை 15-ஆம் தேதி கொண்டாடுகிறோம். நாள்காட்டிக்குச் சூரியனைத் துல்லியமாக அளக்க வேண்டும், அதற்கு உயரமான, இருண்ட, அசையாத பெரிய கட்டடம் வேண்டும். கோயிலைவிட வேறு எது பொருந்தும்?

திருத்தந்தையின் ஆட்சியில் இருந்த பொலோஞ்ஞா நகரில், புனித பெத்ரோனியோ பெருங்கோயிலில், 1655-இல் வானியலாளர் கசீனி சுமார் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு துளையிட்டு, தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளமுள்ள கோடு ஒன்றைத் தூண்களுக்கு இடையே பதித்தார். நண்பகலில் துளை வழியே விழும் சூரிய உருவம் அந்தக் கோட்டைக் கடக்கும். நாள்காட்டிக்கு உதவுவதோடு கசீனிக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. ஜனவரியில் சூரியன் வானத்தில் வேகமாக நகர்வதாகவும் ஜூலையில் மெதுவாக நகர்வதாகவும் தெரிகிறது. தொலைவு மாறுவதால் உண்டாகும் வெறும் தோற்றம் இது என்பது பழைய கொள்கை. பாதி தோற்றம், பாதி உண்மையான வேக மாற்றம் என்பது கெப்ளரின் கொள்கை. சூரிய உருவத்தின் குறுக்களவைக் குளிர்காலத்திலும் கோடையிலும் அளந்தால் யார் சரி என்று தெரிந்துவிடும். பொலோஞ்ஞாவின் இயேசு சபை அறிஞர்களும் உடன் நின்றார்கள். அளந்தார்கள். கெப்ளர் சரி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு இது சான்றாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கலிலேயோ தண்டிக்கப்பட்டு 22 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் தரையில், லூத்தரன் ஒருவரின் கணக்கு மெய்யானது. அந்தக் கோடு இன்றும் அங்கே இருக்கிறது. நண்பகலில் போனால் ஒளிவட்டம் நகர்வதைப் பார்க்கலாம்.

கசீனி 1669-இல் 14ஆம் லூயி மன்னரின் அழைப்பில் பாரிசுக்குப் போனார். அதே மன்னர் கணிதம் தெரிந்த இயேசு சபைக் குருக்களைச் சயாம் நாட்டுக்கு அனுப்பினார். அங்கே 1688-இல் கலகம் வெடித்தது. அவர்களில் ஒருவரான அருள்பணி ழான் ரிஷோ தப்பிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றியது. புதுச்சேரிக் கரையில் தொலைநோக்கியால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அருகே ஆல்ஃபா செண்டாரி என்னும் நட்சத்திரத்தைக் கூர்ந்து பார்த்தபோது அது ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். மே, ஜூன் மாத இரவுகளில் நம் ஊரிலிருந்தும் தெற்கு வானில் தாழ்வாக, பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரம்தான் அது. வெறும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.